ஒரே சிலைடு, இரண்டு முடிவு: பாப் ஸ்மியரில் நிபுணர்கள் ஏன் வேறுபடுகிறார்கள்?

மலேசியாவில் சுங்கை சிப்பூட் பக்கம் பெண்கள் நாலு பேர் கூடிய இடத்தில், கருப்பை வாய்ப் புற்றுநோய் வருமுன் கண்டுபிடிக்க எடுக்கும் பாப் ஸ்மியர் டெஸ்ட் பற்றிப் பேச்சு வந்துவிட்டால், யாராவது ஒருத்தர் இதைக் கேட்டே தீருவார்: "கிளினிக் கெசிஹாத்தான்ல எடுத்தப்போ நார்மல்னு வந்துச்சு. பிரைவேட்ல எடுத்தா என்னமோ அஸ்கஸ்னு போட்டிருக்காங்க. இதுல யாரு ஒழுங்காப் பாக்கல?"

கிளினிக் கெசிஹாத்தான் என்பது அரசாங்கக் கிளினிக்; அஸ்கஸ் என்றால் 'நிச்சயமாகச் சொல்ல முடியாத மாற்றம்'. கேள்வி நியாயமானதுதான். ஆனால் யாரோ ஒருத்தர் ஒழுங்காகப் பார்க்கவில்லை என்று முதலிலேயே முடிவு கட்டிவிடுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. இந்தச் சிலைடுகளை மைக்ரோஸ்கோப்பில் முதலில் பார்க்கும் சைட்டோஸ்கிரீனர் வேலையில் காலம் தள்ளியவள் நான். அனுபவமுள்ள இரண்டு பேர், அவசரமில்லாமல், ஒரே சிலைடைப் பார்த்துவிட்டு வேறு வேறு முடிவு எழுதுவது உண்டு. அது எந்த இடத்தில் அதிகம் நடக்கிறது, எந்த இடத்தில் குறைவு என்பதையெல்லாம் பல நாடுகளில் அளந்து பார்த்திருக்கிறார்கள். "ஆறு மாசம் கழிச்சு வாங்க", "எச்.பி.வி. டெஸ்ட் எடுத்துப் பாக்கலாம்" என்று மிஸ்ஸி (நர்ஸ்) சொல்வதன் பின்னால் அந்தக் கணக்கு இருக்கிறது. எச்.பி.வி. என்பது இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸ். ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பயப்படுகிறவர்களுக்கு அந்தக் கணக்கு கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

சாம்பிள் எப்படி ரிப்போர்ட் ஆகிறது

கருப்பை வாயில் உள்பக்கத்துச் செல்லும் வெளிப்பக்கத்துச் செல்லும் சந்திக்கும் ஒரு வளையம் உண்டு. உருமாற்ற மண்டலம் என்பார்கள். கருப்பை வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் தொடங்குவது அங்கேதான். அந்த இடத்தைத்தான் டாக்டரோ மிஸ்ஸியோ மெல்லிய கட்டையாலோ பிரஷ்ஷாலோ லேசாகச் சுரண்டுகிறார். பழைய முறையில் அதைக் கண்ணாடிச் சிலைடில் தடவி, காய்வதற்குள் ஆல்கஹாலில் போடுவார்கள். புதிய முறையில் பிரஷ்ஷை ஒரு குப்பியிலுள்ள திரவத்தில் அலசி அனுப்புவார்கள். லேப்பில் மெஷின் அதிலிருந்து மெல்லிசாக ஒரு படலம் எடுத்துச் சிலைடில் ஒட்டும்.

சாயம் ஏற்றும் முறையும் டெஸ்ட்டின் பெயரும் ஜார்ஜ் பாப்பனிக்கோலாவ் என்ற கிரேக்க டாக்டரிடமிருந்து வந்தவை. அமெரிக்காவில் வேலை பார்த்த அவர் 1928-இல் இதை முதலில் சொன்னபோது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஹெர்பர்ட் டிராவுட் என்ற மகப்பேறு டாக்டருடன் சேர்ந்து 1941-இல் எழுதியபோதுதான் உலகம் காது கொடுத்தது. நம் நாட்டில் 1969 முதல் பாப் ஸ்மியர் எடுத்து வருகிறார்கள்.

சாம்பிள் எடுப்பது நம் ஊரில், பார்ப்பது வெளியில். தோட்டத்துப் பக்கத்து கிளினிக்கில் மைக்ரோஸ்கோப் வைத்து யாரும் இதைப் பார்ப்பதில்லை. பெரிய ஆஸ்பத்திரியின் பெத்தாலஜி லேப்புக்குப் போகும். அங்கே முதலில் சைட்டோஸ்கிரீனர் பார்ப்பார். சிலைடின் ஒரு மூலையில் தொடங்கி மேலும் கீழுமாக, ஒரு வரிசையின் ஓரம் அடுத்த வரிசையிலும் கொஞ்சம் தெரியும்படி, முழுவதையும் பார்க்க வேண்டும். ஒரு சிலைடில் ஆயிரக்கணக்கில் செல் இருக்கும். திரவ முறையில் குறைந்தது 5,000 செல் இருந்தால்தான் சாம்பிளே போதுமானது என்று எடுத்துக்கொள்வார்கள். சந்தேகமாக ஏதாவது கண்ணில் பட்டால் அந்தச் செல்லுக்குப் பக்கத்தில் கண்ணாடி மேல் பேனாவால் ஒரு சின்னப் புள்ளி வைப்போம். புள்ளி வைத்த சிலைடு பெத்தாலஜிஸ்ட்டிடம், அதாவது செல்லையும் சதையையும் பார்த்து நோயைச் சொல்லும் டாக்டரிடம் போகும். கடைசி முடிவு அவருடையது.

அந்தப் புள்ளியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிறேன்.

உட்கருவின் அளவு

நாங்கள் தேடுவது என்ன? முக்கியமாக உட்கரு. சாயம் ஏறிய செல்லின் சைட்டோபிளாசம் இளஞ்சிவப்பாகவோ நீலப்பச்சையாகவோ தெரியும். நடுவில் உட்கரு கருநீலப் புள்ளியாக இருக்கும். ஏறக்குறைய எல்லா சிலைடிலும் 'இடைநிலைச் செல்' என்ற சாதாரணச் செல் கிடைக்கும். அதன் உட்கருவின் பரப்பு சுமார் 35 சதுர மைக்ரோமீட்டர். அதுதான் எங்கள் அளவுகோல். ஒரு செல்லின் உட்கரு அதைவிட இரண்டரையிலிருந்து மூன்று மடங்கு பெரிதாக இருந்து, வேறு தெளிவான மாற்றம் இல்லையென்றால் 'அஸ்கஸ்' என்று எழுதுவோம். நிச்சயமாகச் சொல்ல முடியாத மாற்றம் என்று பொருள். மூன்று மடங்கையும் தாண்டி, உட்கருவைச் சுற்றி வைரஸ் தொற்றின் அடையாளமான வெள்ளை வளையமும் இருந்தால் 'எல்சில்', லேசான மாற்றம். செல் சிறுத்து, உட்கரு மட்டும் பெரிதாகிச் செல்லையே அடைத்துக்கொண்டு, கருத்து, ஓரம் நெளிந்து கிடந்தால் 'ஹெச்சில்', தீவிர மாற்றம். ஒன்றுமில்லையென்றால் நார்மல். ஹெச்சில்லாக இருக்குமோ என்று சந்தேகப்பட வைக்கும் செல்லுக்கு 'அஸ்க்-ஹெச்' என்று தனிப் பிரிவு உண்டு. சுரப்பிச் செல்களுக்கும் வேறு பிரிவு இருக்கிறது.

இந்தப் பெயர்களுக்கு பெதஸ்டா முறை என்று பெயர். 1988-இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்திலுள்ள பெதஸ்டா ஊரில் கூடி வகுத்தார்கள். 1991, 2001, 2014 என்று மூன்று முறை திருத்தியிருக்கிறார்கள். அதற்கு முன் பாப்பனிக்கோலாவ் வகுத்த ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகள் இருந்தன. ஒரு லேப்பின் 'மூன்று' அடுத்த லேப்புக்கு 'இரண்டு'. ரிப்போர்ட்டைப் படிக்கும் டாக்டருக்கு எந்த லேப்பின் மூன்று என்று தெரிந்தால்தான் விளங்கும்.

பெதஸ்டா வந்த பிறகும் ஏன் ஒப்பு முழுமையாக வரவில்லை என்பது செம்பனை மில்லில் குலை தரம் பிரிப்பதைப் பார்த்தவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். லாரியிலிருந்து கொட்டிய குலையில், கறுப்பாக, ஒரு பழம்கூட உதிராமல் இருப்பது காய். அதில் யாருக்கும் சண்டை இல்லை. செக்கச்செவேலென்று பழம் கழன்று கிடப்பது பழுத்தது. அதிலும் சண்டை இல்லை. சண்டையெல்லாம் நடுவில் இருக்கும் குலைக்குத்தான். அதற்காகத்தான் மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் ஒரு விதி வைத்திருக்கிறது: பழம் உதிர்ந்த புதுக் குழி பத்தோ அதற்கு மேலோ இருந்தால் பழுத்த குலை, பத்துக்குக் குறைந்தால் அரைப்பழம். விதி வந்ததும் சண்டை குறைந்தது, ஓய்ந்துவிடவில்லை. எட்டா பத்தா என்று எண்ணும்போது, இந்தக் குழி தானாக உதிர்ந்ததா, லாரியில் அடிபட்டு உதிர்ந்ததா என்று கண்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். 'இரண்டரை மடங்கு' என்ற எங்கள் விதியும் அந்த ரகம். ஒவ்வொரு உட்கருவுக்கும் யாரும் ஸ்கேல் வைத்து அளப்பதில்லை.

90 சதவீத ஒப்பு நல்ல ஒப்பா?

இரண்டு பேரின் ஒப்பை எப்படி அளப்பது? நூறு சிலைடை இருவரிடமும் தனித்தனியாகக் கொடுத்து, எத்தனையில் ஒரே முடிவு சொன்னார்கள் என்று எண்ணலாம். 90 வந்தால் சபாஷ் போடத் தோன்றும். இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முடிவு இரண்டே வகை என்று வைத்துக்கொள்வோம்: நார்மல், மாற்றம். நூறு சிலைடில் இருவரும் நார்மல் என்றது 85. இருவரும் மாற்றம் என்றது 5. முதலாமவர் மட்டும் மாற்றம் என்றது 5, இரண்டாமவர் மட்டும் மாற்றம் என்றது 5. ஒப்பு 90. ஆனால் ஆளுக்கு 90 நார்மல், 10 மாற்றம் என்று சொல்லியிருக்கிறார்கள் அல்லவா? இருவரும் மைக்ரோஸ்கோப்பையே திறக்காமல், சிலைடைத் தொடாமல், அதே விகிதத்தில் கண்ணை மூடிக்கொண்டு எழுதினால்கூட, நூறில் 81 சிலைடில் 'நார்மல், நார்மல்' என்று பொருந்திவிடும். ஒன்றில் 'மாற்றம், மாற்றம்' என்று பொருந்தும். மொத்தம் 82. ஆக, குருட்டு அதிர்ஷ்டத்திலேயே 82 கிடைக்கிற இடத்தில் இவர்களுக்குக் கிடைத்தது 90. அதிர்ஷ்டத்துக்கு மேல் எட்ட இடமிருந்தது 18, எட்டியது 8. எட்டைப் பதினெட்டால் வகுத்தால் 0.44.

இந்த எண்ணுக்குப் பெயர் கப்பா. ஜேக்கப் கோஹன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960-இல் உருவாக்கிக் கொடுத்தது. கப்பா ஒன்று என்றால் முழு ஒப்பு. பூஜ்யம் என்றால் அதிர்ஷ்டத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. லாண்டிஸ், கோக் என்ற இருவர் 1977-இல் இதற்கு ஒரு படிக்கட்டு போட்டார்கள்: 0.41 முதல் 0.60 வரை நடுத்தரம், 0.61 முதல் 0.80 வரை நல்ல ஒப்பு, அதற்கு மேல் ஏறக்குறைய முழு ஒப்பு. அந்த எல்லைகளை ஏன் அப்படி வைத்தார்கள் என்பதற்குப் பெரிய கணிதக் காரணம் எதுவும் கிடையாது, வசதிக்காக வைத்தவை. இருந்தாலும் எல்லோரும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

ஸ்கிரீனிங்கில் வரும் பெண்களில் மிகப் பெரும்பாலோர் நார்மல். அதனால் வெறும் சதவீத ஒப்பு எப்போதும் அழகாகவே தெரியும். யாராவது "எங்க லேப்புல 95 பர்சன்ட் ஒத்துப்போகுது" என்று பெருமையாகச் சொன்னால், கப்பா எவ்வளவு என்று நான் கேட்பேன்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஒருவர் அஸ்கஸ் என்றும் மற்றவர் எல்சில் என்றும் சொன்னால் ஒரு படி வித்தியாசம். ஒருவர் நார்மல், மற்றவர் ஹெச்சில் என்றால் அது தலைபோகிற வித்தியாசம். சாதாரணக் கப்பா இரண்டையும் ஒரே தராசில் வைக்கும். அதனால் 1968-இல் கோஹனே எடைபோட்ட கப்பா என்று ஒன்றைக் கொண்டுவந்தார். படி கூடக்கூட தண்டனையும் கூடும். ஆய்வு ஏதாவது படிக்கும்போது எந்தக் கப்பா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

அளந்தபோது வந்த எண்கள்

இந்த விஷயத்தில் அதிகம் எடுத்துப் பேசப்படுவது அமெரிக்காவில் நடந்த ஆல்ட்ஸ் ஆய்வு. அஸ்கஸ், எல்சில் ரிப்போர்ட் வந்த பெண்களை எப்படிக் கவனிப்பது என்று கண்டறிய அமெரிக்க தேசியப் புற்றுநோய்க் கழகம் நடத்தியது. அதன் சிலைடுகளை முதலில் அந்தந்த மருத்துவ மையத்தின் பெத்தாலஜிஸ்ட்டுகள் பார்த்தார்கள். பிறகு தரம் பார்க்கும் தனிக் குழு ஒன்று அவற்றை மறுபடி பார்த்தது. மார்க் ஸ்டோலரும் மார்க் ஷிஃப்மனும் 2001-இல் வெளியிட்ட முடிவின்படி, 4,948 சிலைடுகளில் கப்பா 0.46. நடுத்தரம்.

அஸ்கஸ் பிரிவை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் இன்னும் மோசம். முதலில் அஸ்கஸ் என்று எழுதிய 1,473 சிலைடுகளில் இரண்டாவது குழுவும் அஸ்கஸ் என்றது 43 சதவீதம்தான். பாதிகூட இல்லை. பெயரிலேயே 'நிச்சயமில்லை' என்று ஒப்புக்கொள்கிற பிரிவில் ஒப்பு குறைவாக இருப்பது எனக்கு ஆச்சரியம் தரவில்லை. ரெண்டுங்கெட்டான் செல்லைப் பற்றி இரண்டு பேர் ஒரே மாதிரி தயங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதே கொஞ்சம் அதிகம்.

பலரும் எதிர்பார்க்காத செய்தி வேறு. "பாப் ஸ்மியர்ல சந்தேகம்னா பயாப்சி எடுத்தா தெரிஞ்சிடும்" என்று நாம் சொல்கிறோம். பயாப்சி என்பது சதைத்துண்டு. செல்கள் அடுக்கடுக்காக எப்படி இருக்கின்றன என்று பார்க்கலாம். ஆகவே ஒப்பு கூடுதலாக இருக்கும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆல்ட்ஸில் 2,237 பயாப்சிகளின் கப்பாவும் அதே 0.46. மின்கம்பி வளையத்தால் வெட்டியெடுத்த பெரிய துண்டுகளில்கூட 0.49தான். அங்கேயும் தகராறு கீழ்ப்படியில். லேசான மாற்றம், சி.ஐ.என். 1 என்று முதலில் எழுதியவற்றில் சுமார் 41 சதவீதத்தை இரண்டாவது குழு 'ஒன்றுமில்லை' என்று இறக்கிவிட்டது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆல்ட்ஸில் சேர்ந்தவர்கள் எல்லோரும் ஏற்கெனவே அஸ்கஸ் அல்லது எல்சில் என்று ரிப்போர்ட் வந்தவர்கள். மில் கணக்கில் சொன்னால், லாரி முழுக்க அரைப்பழம். சாதாரணமாக ஊரில் எடுக்கும் ஸ்மியர்களில் அவ்வளவு சந்தேகச் சிலைடு ஒரே இடத்தில் சேராது.

கண்ணை ஏமாற்றுபவை

சிலைடு காய்வதற்குள் ஆல்கஹாலில் போட வேண்டும் என்று மேலே சொன்னேன். அரை நிமிடம் தாமதமானாலும், அதுவும் நம் ஊர் வெக்கையில் ஃபேன் சுற்றும் அறையில், செல்கள் காய்ந்துவிடும். காய்ந்த செல்லின் உட்கரு உப்பிப் பெரிதாகத் தெரியும். ஒருவருக்கு அது காய்ந்த கோளாறு, இன்னொருவருக்கு அஸ்கஸ். இரண்டு பேரிலும் தப்பில்லை, தப்பு சிலைடில்.

மாதவிடாய் நின்ற பெண்களின் சிலைடு இன்னொரு தலைவலி. ஹார்மோன் குறைந்து தோல் மெலிந்து போவதால், அளவுகோலாக வைத்திருக்கும் இடைநிலைச் செல்லே கிடைப்பது அரிது. சிறிய செல்கள் மட்டும் கூட்டம் கூட்டமாகக் கிடக்கும். சிறிய செல்லில் உட்கரு பெரிதாகத் தெரிவது இயல்பு. ஹெச்சில் செல்லும் அப்படித்தான் தெரியும். தோட்டத்தில் வேலை ஓய்ந்து, பேரப்பிள்ளை பார்க்கும் வயதில் முதன்முதலாக ஸ்மியர் எடுக்க வருகிற அம்மாக்கள் நிறையப் பேர். அவர்களுடைய சிலைடில்தான் நாங்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டு "கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்று அதிகம் கேட்போம். பூஞ்சைத் தொற்று, டிரைக்கோமோனாஸ் தொற்று, கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம், புண் ஆறும்போது உருவாகும் செல்கள் இவையும் குழப்பும். சுரப்பிச் செல்கள் விஷயத்தில் ஒப்பு எப்போதும் குறைவு.

வேலைப் பளுவும் உண்டு. 1987-இல் அமெரிக்காவில் சில லேப்புகள் ஆளுக்கு அளவில்லாமல் சிலைடு கொடுத்து வேலை வாங்கியதைப் பத்திரிகை அம்பலப்படுத்தியது. அடுத்த வருடம் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் ஒருவர் 24 மணி நேரத்தில் 100 சிலைடுக்கு மேல் பார்க்கக் கூடாது. நார்மல் என்று முடிந்தவற்றில் குறைந்தது பத்து சதவீதத்தை இன்னொருவர் மறுபடி பார்க்க வேண்டும். பத்து சதவீதம் என்பது என்னைக் கேட்டால் மன ஆறுதலுக்கு. நழுவிய ஒரே ஒரு சிலைடு அந்தப் பத்துக்குள் வருவதற்கு என்ன உத்தரவாதம்?

இப்போது புள்ளிக்கு வருகிறேன். நான் பேனாவால் வைத்த புள்ளியைப் பார்த்ததுமே அடுத்து பார்ப்பவரின் கண் நேராக அங்கே போகும். 'இவள் ஏதோ பார்த்திருக்கிறாள்' என்ற எண்ணம் வந்துவிடும். நோயாளியின் வயது, பழைய ரிப்போர்ட், டாக்டர் எழுதிய குறிப்பு இவையும் அப்படியே. தினசரி வேலையில் அது நல்லதுதான். எந்தத் தகவலும் வீணில்லை. ஆனால் ஒப்பை அளக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, புள்ளியைத் துடைக்காமல், முதல் முடிவை மறைக்காமல் அடுத்தவரிடம் கொடுத்தால் அது ஒப்பு இல்லை, ஒத்து ஊதுவது. ஒழுங்கான ஆய்வில் புள்ளியை அழித்து, எண் மட்டும் ஒட்டி, வரிசையைக் கலைத்துக் கொடுப்பார்கள். சில வாரம் கழித்து அதே ஆளிடம் அதே சிலைடைத் தெரியாமல் திருப்பிக் கொடுத்தும் பார்ப்பார்கள். தன்னோடு தானே ஒத்துப்போவது அடுத்தவரோடு ஒத்துப்போவதைவிடக் கொஞ்சம் நன்றாக இருக்கும். முழுசாக இருக்காது.

ஒப்பை உயர்த்த என்ன செய்கிறார்கள்? ஒரே மைக்ரோஸ்கோப்பில் பல கண்குழாய் பொருத்தி நாலைந்து பேர் ஒரே செல்லைப் பார்த்து விவாதிப்பது, படத்தொகுப்பு வைத்துப் பழகுவது, வெளியிலிருந்து சோதனைச் சிலைடு அனுப்பி மதிப்பெண் போடுவது. பயாப்சியில் சந்தேகம் வந்தால் பி16 என்ற புரதத்துக்குத் தனிச் சாயம் போட்டால் ஒப்பு கூடுகிறது. ஒரு லேப் அஸ்கஸ் என்ற பெட்டியில் எல்லாவற்றையும் தள்ளிவிடாமலிருக்க அஸ்கஸ் எண்ணிக்கையைத் தெளிவான மாற்றங்களின் எண்ணிக்கையோடு ஒப்பிடுவார்கள். மூன்று மடங்குக்கு மேல் போகக் கூடாது என்பது பழைய வழிகாட்டுதல்.

வைரஸைத் தேடும் மெஷின்

இத்தனை இழுபறிக்கும் ஒரு மாற்று வழி பிறந்தது, காரணம் தெரிந்த பிறகு. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு எச்.பி.வி. வைரஸ்தான் காரணம் என்று காட்டியதற்காக ஹரால்ட் சூர் ஹவுசன் 2008-இல் நோபல் பரிசு பெற்றார். இந்தப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதம் 16, 18 என்ற இரண்டு வகை வைரஸால் வருவது. அந்த வைரஸின் டி.என்.ஏ. சாம்பிளில் இருக்கிறதா இல்லையா என்று மெஷின் சொல்லிவிடும். உட்கருவை உற்றுப் பார்க்கும் வேலை இல்லை. ஒரே சாம்பிளை இரண்டு லேப்பில் போட்டாலும் முடிவு பெரும்பாலும் ஒன்றாக இருக்கும்.

அதே ஆல்ட்ஸ் ஆய்வில், அஸ்கஸ் வந்த பெண்களில் எச்.பி.வி. டெஸ்ட் செய்தபோது, புற்றுநோய்க்கு முந்தைய தீவிர மாற்றம் உள்ளவர்களில் 96 சதவீதத்துக்கு மேல் பிடிபட்டார்கள். கோல்போஸ்கோப்பிக்கு, அதாவது கருப்பை வாயை உருப்பெருக்கிக் கருவி வழியாக டாக்டர் நேரில் பார்க்கும் சோதனைக்கு, அனுப்ப வேண்டியிருந்தது பாதிக்குச் சற்று மேல்தான். அதாவது, இரண்டு பெத்தாலஜிஸ்ட்டுகள் ஒத்துப்போகாத இடத்தில் மூன்றாவது பெத்தாலஜிஸ்ட்டைத் தேடுவதைவிட வேறு விதமான டெஸ்ட்டைத் தேடுவது பலன் தந்தது.

மலாயாப் பல்கலைக்கழகமும் ஓர் ஆஸ்திரேலிய அமைப்பும் சேர்ந்து 2018-இல் தொடங்கிய ரோஸ் திட்டம் இந்த அடிப்படையில் அமைந்தது. பெண்ணே தனியாகத் திரைக்குப் பின்னால் போய் ஒரு குச்சியால் சாம்பிள் எடுத்துக்கொள்ளலாம்; முடிவு கைப்பேசிக்கு வரும். கால் விரித்துப் படுக்கக் கூச்சப்பட்டு வருடக்கணக்காகத் தள்ளிப்போட்டவர்களுக்கு இது பெரிய விடுதலை. உலகச் சுகாதார நிறுவனமும் 2020-இல் வகுத்த இலக்கில், 35 வயதுக்குள் ஒரு முறையும் 45 வயதுக்குள் மறு முறையும், 70 சதவீதப் பெண்களுக்கு இப்படிப்பட்ட திறன்மிக்க டெஸ்ட் செய்ய வேண்டும் என்கிறது.

அதற்காக எங்கள் கண்ணுக்கு வேலை போய்விட்டது என்று எண்ண வேண்டாம். வைரஸ் இருப்பவர்களில் பலருக்கு ஓரிரு வருடத்தில் உடம்பே அதைத் துடைத்துவிடும். 16, 18 வகை இருந்தால் நேராக கோல்போஸ்கோப்பி. மற்ற வகை என்றால் செல்லில் மாற்றம் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுப்பது பொதுவான வழி. அங்கே மறுபடி சிலைடு, மறுபடி மைக்ரோஸ்கோப். கோல்போஸ்கோப்பியும் கண்தான், எந்த இடத்தில் பயாப்சி எடுப்பது என்பதில் இரண்டு டாக்டர்கள் வேறுபடுவதும் சகஜம். அதனால் ஒரே இடத்தில் எடுக்காமல் இரண்டு மூன்று இடத்தில் எடுக்கிறார்கள். கம்ப்யூட்டர் படிக்கும் சிலைடு என்று இப்போது பேசுகிறார்கள். அந்தக் கம்ப்யூட்டருக்கு 'இது அஸ்கஸ், இது நார்மல்' என்று பாடம் சொல்லிக் கொடுத்தவர்களும் மனிதர்கள்தான். யார் சொன்னதை விடையாக வைத்தார்கள் என்பதுதான் அங்கே முதல் கேள்வி.

இரண்டு ரிப்போர்ட் கையில் இருந்தால்

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். கிளினிக் கெசிஹாத்தானில் நார்மல், பிரைவேட்டில் அஸ்கஸ். இதற்கு மூன்று காரணம் இருக்கலாம். பார்த்த கண் வேறு என்பது அதில் ஒன்றுதான். இரண்டாவது, சாம்பிளே வேறு: அன்று சுரண்டிய செல்லும் இன்று சுரண்டிய செல்லும் ஒன்றல்ல, மாற்றமடைந்த இடம் ஒரு முறை பிரஷ்ஷில் சிக்கியிருக்கும், ஒரு முறை சிக்கியிருக்காது. மூன்றாவது, உடம்பே மாறியிருக்கும்: தொற்று வந்திருக்கலாம், போயிருக்கலாம். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து எவர் சரி என்று கேட்டால் பதில் கிடைக்காது. எந்தத் தேதியில் எடுத்தது, இரண்டிலும் 'சாம்பிள் போதுமானது' என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். போதாது என்று எழுதியிருந்தால் அந்த 'நார்மல்' கணக்கிலேயே சேராது.

மாறுபட்டால் கூடுதல் மாற்றம் காட்டும் ரிப்போர்ட்டை வைத்துத்தான் அடுத்த அடி எடுக்க வேண்டும். அஸ்கஸ் என்றால் எச்.பி.வி. டெஸ்ட், அல்லது டாக்டர் சொன்ன இடைவெளியில் மறு ஸ்மியர். சிலைடை மறுபடி பார்க்கச் சொல்லலாமா என்று கேட்பார்கள். சொல்லலாம், சிலைடை லேப் வருடக்கணக்கில் பத்திரமாக வைத்திருக்கும். ஸ்மியர் ஒன்று சொல்ல பயாப்சி வேறொன்று சொன்னால் லேப்பே இரண்டையும் எடுத்து வைத்துப் பார்க்க வேண்டியது முறை. ஆனால் அஸ்கஸ்ஸுக்காகக் காசு செலவழித்து மூன்றாவது ஆளிடம் சிலைடைக் கொண்டுபோய்க் காட்டுவது வீண் என்பேன். மேலே உள்ள 43 சதவீதம் நினைவிருக்கட்டும். மூன்றாமவர் நான்காவது கருத்தையும் சொல்லிவிட்டுப் போவார்.

ஹெச்சில், அஸ்க்-ஹெச் வேறு கதை. "ஒருத்தர் சொன்னா போதுமா, இன்னொரு இடத்துல பாத்துட்டு வரேன்" என்று இழுக்கக் கூடாது. நார்மலுக்கும் ஹெச்சில்லுக்கும் இடையில் குழப்பம் வருவது அரிது. கோல்போஸ்கோப்பிக்குத் தேதி கொடுத்திருந்தால் பழைய ரிப்போர்ட், புது ரிப்போர்ட், ஐசி மூன்றையும் எடுத்துக்கொண்டு அந்தத் தேதியிலேயே போங்கள். தீபாவளி முடியட்டும், மகள் கல்யாணம் முடியட்டும் என்று தேதியை மாற்றக் கேட்காதீர்கள்.